பெருநாள் முடிந்ததும் சுபஹு (அதிகாலைத் தொழுகை) தவறுகிறது, குர்ஆனும் நின்றுவிட்டது – பதில்

தினம் ஒரு ஜுஸ்உ (குர்ஆனின் முப்பது பாகங்களில் ஒன்று) என்ற கணக்கை விடுங்கள். சுபஹுக்குப் பின் ஒரு பக்கம் போதும். குறைவாக இருந்தாலும் நிலையாகச் செய்யும் அமலே (நற்செயலே) அல்லாஹ்வுக்கு விருப்பமானது என்று புகாரி தொகுப்பில் ஹதீஸே (நபிமொழியே) இருக்கிறது.

ஈமான் (இறைநம்பிக்கை) குறைந்துவிட்டதோ என்று கேட்டிருந்தீர்கள். உடனே அப்படி முடிவு கட்ட வேண்டாம். ரமழானில் சஹருக்கு (நோன்பு தொடங்கும் முன் சாப்பிட) எழும்பியதால் சுபஹு தானாகக் கிடைத்தது. இப்போது சஹர் இல்லை, தராவீஹ் (ரமழான் இரவுத் தொழுகை) காலத்து இரவு விழிப்பு மட்டும் மிச்சம். கடையைப் பூட்டி, ஐந்துசந்தியில் தேத்தண்ணி குடித்துக் கதைத்துவிட்டு 12 மணிக்குப் படுத்தால் பாங்கு எப்படிக் காதில் விழும்?

ஒரு கிழமைக்கு இப்படிச் செய்து பாருங்கள்: 11 மணிக்கு முன் படுங்கள், ஃபோனை அடுத்த அறையில் சார்ஜில் போடுங்கள். அலாரத்தை நிறுத்தவாவது எழும்பத்தானே வேண்டும்! ரமழானுக்கு அடுத்த மாதமான ஷவ்வாலின் 6 நோன்பையும் திங்கள், வியாழன் என்று பிடித்தால் சஹர் திரும்ப வரும், சுபஹும் கூடவே வரும்.

விடுபட்ட ரமழான் நோன்பு இருந்தால் முதலில் களாவா (அதை ஈடுசெய்யும் நோன்பா), ஆறு நோன்பா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பள்ளி மௌலவியிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர் என்றால் டொக்டரிடமும்.