பிளாக் ஷார்க் சிமுலேட்டரில் ஹெலிகாப்டரை ஒரே இடத்தில் நிறுத்தவே முடியவில்லை. ஆயுதங்களை முதலில் கற்றுக்கொள்ளலாமா?

வேண்டாம். ஈகிள் டைனமிக்ஸ் நிறுவனம் 2008-இல் ரஷ்யாவில் வெளியிட்ட இந்த விளையாட்டை நான் பல ஆண்டுகளாக விளையாடி வருகிறேன். தொடக்கத்தில் நானும் ஏவுகணையிலிருந்துதான் ஆரம்பித்தேன். அதனால் ஒரு மாதம் வீணாயிற்று.

காரணம் இந்த விளையாட்டில் நாம் ஓட்டும் கா-50 ஹெலிகாப்டரின் அமைப்பிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் அப்பாச்சி, ரஷ்யாவின் மி-28 ஆகிய போர் ஹெலிகாப்டர்களில் ஒருவர் ஓட்ட, மற்றவர் குறிபார்க்கிறார். கா-50-இலோ இருப்பது ஒரே இருக்கை. இரண்டாம் ஆளின் வேலையில் பாதியைத் தானியங்கி விமானி ஏற்றுக்கொள்ளும் என்ற நம்பிக்கையில்தான் காமோவ் நிறுவனப் பொறியாளர்கள் அதை வடிவமைத்தார்கள். அந்தத் தானியங்கியோடு ஒத்துப்போகத் தெரியாதவர் இலக்கைக் குறிபார்க்கும் ஷ்க்வால் கருவியின் திரையைக் குனிந்து பார்க்கும் நேரத்தில் ஹெலிகாப்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நழுவிவிடும்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், ஹெலிகாப்டரின் அப்போதைய நிலையைத் தானியங்கிக்குக் குறித்துக் கொடுக்கும் டிரிம் பொத்தானைத் தவறாகப் பயன்படுத்துகிறீர்கள் என்று தோன்றுகிறது. சாய்வு, மூக்கின் ஏற்ற இறக்கம், திசை ஆகியவற்றுக்கான தானியங்கியின் மூன்று பொத்தான்களும் எரிந்துகொண்டிருக்கும்போது, நீங்கள் கடைசியாக டிரிம் செய்த நிலைக்கே ஹெலிகாப்டரைத் திருப்பிக் கொண்டுவரத் தானியங்கி விடாமல் முயலும். கட்டுப்பாட்டில் அதற்கு உள்ள அதிகாரம் ஏறத்தாழ 20 சதவீதம்தான் என்றாலும், நீங்கள் இடப்பக்கம் திரும்ப நினைக்கும்போது அது வலப்பக்கம் இழுப்பதைக் கையில் நன்றாகவே உணரலாம். ஆகவே திரும்பத் தொடங்கும் முன் டிரிம் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். திரும்பி முடித்து ஹெலிகாப்டர் அமைதியடைந்த பிறகே விடுங்கள். சுருள்வில் உள்ள சாதாரண ஜாய்ஸ்டிக் என்றால், பொத்தானை விட்டதும் அதை நடுநிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதுவரை உங்கள் அசைவைப் புறக்கணிக்கும்படி அமைப்புகளில் ஒரு தேர்வு உண்டு; அதை இன்றே போட்டுவிடுங்கள். எனக்கு எல்லாம் மாறியது அந்த நாளில்தான்.

இதைக் கற்றபின் விக்ர் ஏவுகணை தானாகவே எளிதாகிவிடும். அது லேசர் கற்றையைப் பற்றிக்கொண்டு பறப்பதால், இலக்கில் படும்வரை கற்றை அங்கேயே நிலைத்திருக்க வேண்டும். 8 கிலோமீட்டர் தொலைவிலுள்ள டாங்கியை அடைய 20 வினாடிக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரமும் ஹெலிகாப்டர் ஆடாமல் நிற்பதே குறிபார்ப்பதில் பெரும் பங்கு.

இன்னொன்று: முன்னோக்கிய வேகம் மணிக்கு 50 கிலோமீட்டருக்குக் கீழே இருக்கும்போது வினாடிக்கு 5 மீட்டருக்கு மேல் இறங்காதீர்கள். தன் சுழலிகளே கீழே தள்ளிய காற்றுக்குள் ஹெலிகாப்டர் அமிழ்ந்துவிடும். அப்போது கலெக்டிவை, அதாவது ஏறவும் இறங்கவும் பயன்படும் நெம்புகோலை, உயர்த்த உயர்த்த இன்னும் வேகமாக விழும். கலெக்டிவைத் தாழ்த்தி, மூக்கைக் குனித்து, முன்னால் நகர்ந்துதான் வெளியே வர முடியும்.

ஜார்ஜியாவின் படூமி ஓடுபாதையில், ஓர் ஆயுதமும் ஏற்றாமல், பாதையின் முனையில் வரைந்திருக்கும் எண்ணுக்கு மேலே 10 மீட்டர் உயரத்தில் நின்று பழகுங்கள். கை ஜாய்ஸ்டிக்கைத் தொடாமல் ஒரு முழு நிமிடம் அந்த எண் உங்களுக்குக் கீழேயே இருந்தால், மறுநாள் ஷ்க்வாலைத் திறக்கலாம்.