காய்ச்சலே இல்லை, ஆன்டிபயாடிக் எதற்கு?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய் சுருங்கி நாள்பட இளைக்க வைக்கும் நுரையீரல் நோய்) இருக்கிறது. பீடியை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. ஆனாலும் போன வருடம் மூன்று தடவை இளைப்பு அதிகமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இப்போது அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை தினமும் ஒரு 250 மி.கி. மாத்திரை வீதம் ஒரு வருடம் போடச் சொல்கிறார் டாக்டர். மெடிக்கல் ஷாப்பில் "இது மூணு நாள் மாத்திரைம்மா" என்கிறார்கள். பயமாக இருக்கிறது.
- வாசகி, திண்டுக்கல்

பதில்: தொண்டைப் புண்ணுக்கு மூன்று நாள் சரிதான். உங்கள் அப்பாவுக்கு இதைக் கொடுப்பது கிருமியைக் கொல்ல மட்டும் இல்லையம்மா, மூச்சுக்குழாயில் ஆறாமல் கிடக்கும் அழற்சியைத் தணிக்கவும்தான்.

இது ஜப்பானில் தெரியவந்த விஷயம். பான்பிராங்கியோலைட்டிஸ் என்ற கொடிய நுரையீரல் நோய் அங்கே உண்டு. 1970களில் அது வந்தவர்களில் பத்துக்கு ஆறு பேர்தான் ஐந்து வருடம் தாண்டினார்கள். 80களில் ஷோஜி குடோ என்ற மருத்துவர், அசித்ரோமைசினின் மூத்த உறவான எரித்ரோமைசினைக் குறைந்த அளவில், மாதக்கணக்கில் கொடுத்துப் பார்த்தார். அதன்பின் பத்துக்கு ஒன்பது பேர் பிழைத்தார்கள். அவர்கள் சளியில் இருந்த சூடோமோனாஸ் கிருமியை அந்த மருந்து கொல்லாது. கிருமி சளியில் அப்படியே இருந்தும் பலருக்கு மூச்சு தேறியது! படிக்கிற காலத்தில் இதைக் கேட்டு நான் அசந்துபோனேன்.

நம் வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில் என்று ஒரு வகை. சண்டைக்கு வந்த கூட்டம் எதிரி போன பிறகும் கலையாமல் வீட்டையே இடிப்பதுபோல, இவை மூச்சுக்குழாயை அரிக்கும். இந்த மருந்து, அவற்றை வரவழைக்கும் ரசாயன அழைப்பைக் குறைக்கிறது. சளியும் குறைகிறது.

2011இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் 1,142 சி.ஓ.பி.டி. நோயாளிகள் இருந்தார்கள். அடுத்த இளைப்புத் தாக்குதல் வர, வெற்று மாத்திரை போட்டவர்களுக்கு 174 நாள், அசித்ரோமைசின் போட்டவர்களுக்கு 266 நாள் ஆனது. புகைப்பதை விட்டவர்களுக்குத்தான் பலன் நன்றாகத் தெரிந்தது. உங்கள் அப்பா விட்டுவிட்டார், அதுவே பெரிய விஷயம்.

காது விஷயத்தில் மட்டும் அலட்சியம் கூடாது. என்னிடம் வந்த நெசவாளர் ஒருவர் நான்காம் மாதம் டி.வி.யை அலற வைக்க ஆரம்பித்தார். அவர் மனைவி சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. உடனே மாத்திரையை நிறுத்தினேன். ஓரளவு கேட்கத் தொடங்கியது, முழுசாகத் திரும்பவில்லை. அதிலிருந்து காது பரிசோதனை செய்யாமல் நான் யாருக்கும் ஆரம்பிப்பதில்லை.

அப்பாவுக்கு ஈ.சி.ஜி. எடுத்தார்களா? இதயத் துடிப்பைப் பாதிக்கும் வேறு மாத்திரை ஏதாவது போடுகிறாரா? சளியில் காசநோய்க் கிருமியும் அதன் உறவுக்காரக் கிருமிகளும் இல்லை என்று பார்த்தாயிற்றா? அந்த உறவுக்காரக் கிருமிகள் இருந்து, இதை மட்டும் தனியாகக் கொடுத்தால் அவை மருந்துக்கு அடங்காமல் போய்விடும். இவற்றை உங்கள் டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.

இன்ஹேலரை நிறுத்த வேண்டாம். அப்புறம், அந்த அட்டையிலிருந்து ஒன்றைப் பிய்த்துப் பேரப்பிள்ளையின் சளிக்குக் கொடுத்துவிடாதீர்கள்.