எழுத்தின்படி வாசிப்பது: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தூத்துக்குடிப் பக்கம் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள் நான். வாழ்க்கைப்பட்டது பெந்தெகொஸ்தே வீட்டில். ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் போன வாரம், “ஆறு நாளில் எல்லாம் உண்டானதென்றால் டைனோசர் எந்த நாளில் வந்தது?” என்று கேட்டாள். அதை அப்படியே நாள் கணக்காக எடுக்க வேண்டாம் என்றேன். சபையில் ஊழியம் செய்யும் என் கணவரின் அண்ணன் பக்கத்தில் இருந்தார். “நாங்கள் வேதத்தை எழுத்தின்படி வாசிக்கிறோம். வியாக்கியானம் என்று ஆரம்பித்தால் கடைசியில் ஒன்றும் மிஞ்சாது” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. ஆளாளுக்கு ஓர் அர்த்தம் சொன்னால், தப்பான அர்த்தம் என்று ஒன்று உண்டா இல்லையா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவரின் அண்ணனுடைய பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒரு வசனம் தன் வாழ்க்கைக்கு இடைஞ்சலாக இருக்கிறதே என்று அதற்கு வேறு அர்த்தம் தேடிப் போகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் ‘நாங்கள் எழுத்து, நீங்கள் வியாக்கியானம்’ என்று அவர் போட்ட கோடு சரியில்லை. உங்கள் இரண்டு குடும்பங்களுக்கு நடுவிலேயே அது தலைகீழாகவும் நிற்கிறது.

நான் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவன். பத்து வயதில் ஒரு கத்தோலிக்க நண்பன் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் புதுநன்மைச் சடங்குக்குப் போயிருந்தேன். நற்கருணை கொடுத்துக்கொண்டிருந்தபோது ஓர் அப்பம் தரையில் விழுந்துவிட்டது. சாமியார் அப்படியே நின்றார். வரிசையும் நின்றது. குனிந்து இரண்டு விரலால் அதை எடுத்தார். பூசை முடிந்ததும் அந்த இடத்தில் தண்ணீர் தெளித்து, வெள்ளைத் துணியால் முழங்காலிட்டுத் துடைத்தார். பல வருடம் கழித்து ஒரு பெந்தெகொஸ்தே சபையில் அப்பம் பிட்கும் ஆராதனைக்குப் போனேன். கண்ணீரோடு ஜெபித்துத்தான் அப்பத்தை வாங்கினார்கள். முடிந்ததும் மீந்த ரொட்டியைப் பிள்ளைகள் கையில் கொடுத்தார்கள். அதுகள் தின்றுகொண்டே வெளியே ஓடின. இரண்டு இடத்திலும் பக்திக்குக் குறைவில்லை. இரண்டு இடத்திலும் வாசித்தது ஒரே வசனத்தைத்தான்: “இது என்னுடைய சரீரமாயிருக்கிறது.”

அந்த வசனத்தை எழுத்தின்படி எடுக்கிறவர்கள் உங்கள் பிறந்த வீட்டார். அடையாளம், நினைவுகூருதல் என்று வியாக்கியானம் செய்கிறவர்கள் உங்கள் புகுந்த வீட்டார். ஆறு நாள் படைப்பைச் சொல்லும் ஆதியாகமம் முதல் அதிகாரத்துக்கு வந்தால் இருவரும் இடம் மாறிக்கொள்கிறார்கள். எங்கே எழுத்தின்படி, எங்கே இல்லை, ஏன் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதைக் கேட்காமல் வாசிக்கிற கிறிஸ்தவரை நான் பார்த்ததில்லை. பலர் கேட்பதைத் தாங்களே கவனிப்பதில்லை, அவ்வளவுதான்.

1529 அக்டோபரில் ஜெர்மனியின் மார்பர்க் கோட்டையில் நடந்ததை அவரிடம் சொல்லிப் பாருங்கள். போப்பின் சபையை விட்டு விலகிய சீர்திருத்தக்காரர்கள் தங்களுக்குள் பிரிந்து கிடந்தால் அரசியலில் தாக்குப்பிடிக்க முடியாது என்று, ஹெஸ்ஸே நாட்டுப் பிரபு பிலிப் அவர்களை ஒரே மேஜையில் உட்காரவைத்தார். லூத்தர் ஒரு பக்கம், சூரிக்கிலிருந்து வந்த ஸ்விங்லி மறுபக்கம். போப்பைவிட, ஆயர்கள் கூடி முடிவெடுக்கும் திருச்சபைச் சங்கங்களைவிட வேதமே பெரிது என்பதில் இருவருக்கும் வேறுபாடு இல்லை. லூத்தர் சாக்கட்டியை எடுத்து மேஜையில் லத்தீனில் எழுதினார்: ‘இது என் உடலாக இருக்கிறது.’ அந்த ‘இருக்கிறது’ என்ற சொல்லை விட்டு அவர் அசையவில்லை. ஸ்விங்லி யோவான் 6:63ஐ எடுத்தார்: “மாம்சமானது ஒன்றுக்கும் உதவாது.” இந்த வசனம் உம் கழுத்தை முறிக்கும் என்றார். இங்கே ஹெஸ்ஸேயில் கழுத்துகள் அவ்வளவு சுலபமாக முறியாது என்று லூத்தர் திருப்பிச் சொன்னார். ‘நானே வாசல்’ என்று இயேசு சொன்னதால் அவர் மரக்கதவா என்பது ஸ்விங்லியின் வழி. கடைசியில் எழுதிய 15 அம்சங்களில் 14இல் ஒத்துப்போனார்கள். 15ஆவது நற்கருணை. அப்பத்தில் உடல் மெய்யாக இருக்கிறதா என்ற அந்த ஓர் இடத்தில் பிரிந்தார்கள். வேதத்தை லேசாக எடுத்தவர் அந்த மேஜையில் ஒருவரும் இல்லை.

அவர்கள் சண்டை போட்ட வினைச்சொல் நம் பேச்சில் கிடையாது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும். ‘இது என் வீடு’ என்கிறோம், நடுவில் வினை வேண்டியதில்லை. இயேசு பேசிய அரமேயத்திலும் இப்படிப்பட்ட வாக்கியத்துக்கு வினை தேவையில்லை. கிரேக்க நற்செய்தியில் ‘எஸ்தின்’ என்று அது வந்தது. நம் பழைய மொழிபெயர்ப்பு அதை விடாமல் ‘சரீரமாயிருக்கிறது’ என்றது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு ‘இது எனது உடல்’ என்று நிறுத்திக்கொண்டது. இதனால் வழக்கு தீர்ந்துவிடாது. ஸ்விங்லியோடு வந்திருந்த எகொலம்பாடியுஸ், உருவகம் அந்த வினையில் இல்லை, ‘உடல்’ என்ற சொல்லில்தான் இருக்கிறது என்றவர். நான் சொல்ல வருவது, நாம் வேதத்தைத் திறக்கும் முன்பே ஒருவர் உட்கார்ந்து யோசித்து ஒரு சொல்லைத் தேர்ந்திருக்கிறார் என்பதை.

சரி, ஆறு நாளுக்கு வருவோம். நாள் கணக்காக எடுப்பதிலிருந்து விஞ்ஞானத்துக்குப் பயந்து சபை பின்வாங்கியது என்று உங்கள் வீட்டில் நினைக்கலாம். 3ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன், சூரியனும் சந்திரனும் இல்லாமல் முதல் மூன்று நாளுக்கு மாலையும் காலையும் எப்படி வந்தன என்று கேட்டுவிட்டார். டார்வினுக்கும் அவருக்கும் நடுவே 1,600 வருடம். எழுதியவர் கையாண்ட இலக்கிய வகையைப் பார்த்து வாசிக்க வேண்டும் என்று போப் பன்னிரண்டாம் பயஸ் 1943இல் சொன்னதை, இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் உறுதிப்படுத்தியது. வேதத்தில் பிழையே இல்லை என்று 1978இல் சிகாகோவில் கூடி அறிக்கையிட்ட சுவிசேஷப் புராட்டஸ்டண்டுத் தலைவர்களும், படைப்பைப் பற்றி வேதம் கற்பிப்பதை விஞ்ஞானத்தைக் கொண்டு தள்ளக்கூடாது என்று கறாராகச் சொன்னார்கள். ஆனால் இலக்கிய வடிவங்களைக் கணக்கில் எடுத்தே விளக்க வேண்டும் என்பதை அதே அறிக்கையில் அவர்களும் எழுதினார்கள்.

தப்பான அர்த்தம் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்தவர்கள் ஆதியாகமம் 9ஐக் காட்டினார்கள். நோவா தன் மகன் காமைச் சபித்தார், ஆப்பிரிக்கர்கள் காமின் வம்சம், ஆகவே அடிமைத்தனம் தேவ சித்தம் என்றார்கள். பிரசங்க பீடத்திலிருந்தே சொன்னார்கள். வசனத்தைப் பாருங்கள். “கானான் சபிக்கப்பட்டவன்” என்றுதான் இருக்கிறது. காம் அல்ல, அவன் மகன்களில் ஒருவன். தோலின் நிறம் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. அடுத்த அதிகாரத்தில் கூஷ், மிஸ்ராயிம், பூத், கானான் என்று காமின் நான்கு பிள்ளைகளும் வரிசையாக வருகிறார்கள். எத்தியோப்பியரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறவன் கூஷ். கானானியரின் எல்லை சீதோனிலிருந்து காசா வரை, அது ஆப்பிரிக்காவில் இல்லை. மனிதரைச் சங்கிலியில் கட்ட உதவிய அந்த வாசிப்பு பக்கத்தைப் புரட்டியதும் விழுந்துவிடுகிறது. இந்த இடத்தில் நான் முழுக்க உங்கள் கணவரின் அண்ணன் பக்கம். எழுத்தைக் கூர்ந்து பார்க்கிற பழக்கம் பெரிய பாதுகாப்பு.

மகளிடம் டைனோசரை அப்புறம் பேசலாம். முதலில் அவளோடு உட்கார்ந்து அந்த அதிகாரத்தைச் சத்தமாக வாசியுங்கள், இரண்டு மொழிபெயர்ப்பையும் வைத்துக்கொண்டு. பெரியப்பாவையும் கூப்பிட்டுக்கொள்ளட்டும். முதல் நாள் வெளிச்சம், நான்காம் நாள் சுடர்கள். இரண்டாம் நாள் ஆகாயமும் நீரும், ஐந்தாம் நாள் பறவையும் மீனும். மூன்றாம் நாள் தரை, ஆறாம் நாள் அதில் வாழும் விலங்குகளும் மனிதரும். இந்த ஜோடிகளை நீங்கள் சொல்லாமல் அவளே கண்டுபிடிக்கட்டும். “சாயங்காலமும் விடியற்காலமுமாகி” என்று வரும் இடங்களை விரல் விட்டு எண்ணச் சொல்லுங்கள். ஆறுதான் வரும். இரண்டாம் அதிகாரத்தில் வரும் ஏழாம் நாளுக்குச் சாயங்காலம் சொல்லப்படவில்லை. பழங்காலத் திருச்சபையின் ஆயர் அகஸ்டின் அதைக் கவனித்து, முடிவில்லாத இளைப்பாறுதல் என்று எழுதினார். உங்கள் மகள் என்ன சொல்கிறாள் என்று எனக்கு எழுதுங்கள்.