பதினாறுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவில் ஒரு லீக்: செங்கோட்டை அண்ணாச்சிக்கு

அண்ணாச்சி, நீங்கள் அனுப்பியதை ரெண்டு தடவை படித்தேன். மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஹாக்கியால் பையன் படிப்பு கெடுமா, ஹாஸ்டலில் சேர்க்கலாமா, பி.டி. சாரும் நாலு அப்பாக்களும் சேர்ந்து 16 வயதுக்கு மேற்பட்ட பையன்களுக்கு ஒரு லீக் ஆரம்பிக்கப் பார்க்கிறார்களே, அதில் பணம் போடலாமா. கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன், மற்ற ரெண்டும் அதோடு ஒட்டிக்கொண்டுதான் வருகிறது.

போடலாம். ஆனால் சர்டிபிகேட் கிடைக்கும் என்று நினைத்துப் போடாதீர்கள். அந்த நினைப்பில் போட்டால் ஆறே மாதத்தில் உங்களுக்குள் சண்டை வந்து லீக் நின்றுவிடும்.

முதலில் பையனுக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்போம். போன வருஷம் மாவட்ட சப்-ஜூனியரில் நன்றாக ஆடினான், இந்த வருஷம் ஜூனியர் செலக்‌ஷனுக்குப் போனால் பத்து நிமிஷம் ஆடவிட்டு "உடம்பு பத்தாது, அடுத்த வருஷம் வா" என்று அனுப்பிவிட்டார்கள், அவன் வீட்டில் யாரிடமும் பேசுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பிறந்தது டிசம்பர் 12. விஷயம் அங்கேதான் இருக்கிறது. தேசிய அளவில் சப்-ஜூனியர் என்றால் 16-க்கு உட்பட்டவர்கள், ஜூனியர் என்றால் 19-க்கு உட்பட்டவர்கள். வயதை ஜனவரி 1-ஐ வைத்துக் கணக்குப் பார்ப்பார்கள். அதே வருஷம் ஜனவரியில் பிறந்தவனும் உங்கள் பையனும் அந்தக் கணக்கில் ஒரே வயசு, நிஜத்தில் அவன் பதினோரு மாதம் மூத்தவன். அதாவது சப்-ஜூனியரில் இருந்தபோதே உங்கள் பையன் அந்தக் கூட்டத்தில் கடைக்குட்டிதான். இப்போது ஒரு படி ஏறினால் மீசை முளைத்த, தோள் அகன்ற பதினெட்டு வயதுப் பையன்களுக்கு நடுவில் மறுபடியும் கடைக்குட்டி. அதிகாரிகள் சொன்ன "உடம்பு பத்தாது" என்பது ஆட்டத்தைப் பற்றிய பேச்சே இல்லை. அதை முதலில் அவனிடம் உட்கார்ந்து சொல்லுங்கள். இருபது நாள் தள்ளிப் பிறந்திருந்தால் இன்னும் ஒரு வருஷம் சப்-ஜூனியரிலேயே ஆடியிருப்பான்.

வயசுக் கணக்கு இடத்துக்கு இடம் மாறும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளி விளையாட்டில் 14, 17, 19. மத்திய அரசு நடத்தும் கேலோ இந்தியா இளைஞர் போட்டியில் 18. 2025 டிசம்பரில் சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஜூனியர் உலகக் கோப்பையில் 21. எல்லா இடத்திலும் வாயில் வருவது 'ஜூனியர்' என்ற ஒரே வார்த்தைதான், அதனால்தான் பாதி அப்பாக்கள் தப்பான வருஷத்துக்குத் தப்பான செலக்‌ஷனில் போய் நிற்கிறார்கள்.

சரி, பள்ளிப் போட்டியில் 17 வயதுப் பிரிவு இருக்கிறதே, அது போதாதா என்று பி.டி. சாரே கேட்டாராம். போதாது. அது நாக்-அவுட். எட்டு அணி சேர்ந்தால் மொத்தமே ஏழு மேட்ச். நாலு அணி ஒரே ஒரு மேட்ச் ஆடிவிட்டு வீட்டுக்குப் போகும். குறுவட்டப் போட்டியில் முதல் நாள் காலையில் தோற்றால் அந்த வருஷக் கணக்கு அன்றைக்கே முடிந்தது, அப்புறம் மீதி நாளெல்லாம் பிராக்டிஸ்தான். பிராக்டிஸ் மட்டும் ஆடியே ஒரு பையன் பதினாறிலிருந்து பத்தொன்பது வரை தாண்ட முடியாது. ஒரு கோல் பின்தங்கியிருக்கிறோம், நாலு நிமிஷம்தான் இருக்கிறது, அந்த நேரத்தில் பந்தை யாருக்குத் தள்ளுவது என்பதை மேட்ச்தான் சொல்லிக்கொடுக்கும்.

என் அக்கா மகன் ஒருத்தன் இருக்கிறான். சப்-ஜூனியரில் மாநில அணி வரை போனவன். பதினேழு வயதில் ஸ்டிக்கைப் பரண்மேல் போட்டான். அடிபடவில்லை, படிப்பும் காரணமில்லை. அந்த ஒன்றரை வருஷத்தில் அவன் ஆடிய முழு மேட்ச் எத்தனை என்று பின்னால் எண்ணிப் பார்த்தோம், நாலு. இப்போது புனலூரில் ஒரு டைல்ஸ் கடையில் இருக்கிறான், நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் அக்கா அந்த ஸ்டிக்கை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை, கைப்பிடியில் சுற்றிய சைக்கிள் ட்யூப் காய்ந்து உதிர்கிறது. அவன் ஆடிய காலத்தில் இந்த ஆலோசனையை எனக்கே சொல்லத் தெரியாது.

உங்கள் மச்சினன் டொரண்டோவிலிருந்து "இங்கே மைனருக்கும் ஜூனியருக்கும் நடுவில் பாலம் இருக்கிறது, அங்கே ஏன் இல்லை" என்று கேட்டாரே, கேள்வி சரிதான். அவர் சொல்வது பனி ஹாக்கி, வேறு ஆட்டம், வேறு பணம். ஆனால் அதன் வயசுக் கணக்கைப் பாருங்கள். அங்கே மைனர் 18-க்கு உட்பட்டவர்கள் வரை போகிறது, ஜூனியர் 16-இலேயே தொடங்கி 20 வரை ஓடுகிறது. நடுவில் ரெண்டு வருஷம் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கிறது. பதினாறு வயதுப் பையனை ஜூனியர் அணி எடுக்கவில்லை என்றால் அவன் வீட்டில் உட்கார வேண்டாம், கீழ்ப்படியில் ஆட இடம் இருக்கிறது. நமக்கு ஒரு படி முடிகிற இடத்திலேயே அடுத்த படி தொடங்கிவிடுகிறது, கால் எட்டாதவன் நடுவில் விழுகிறான். நீங்கள் கட்ட வேண்டியது அந்த நடுப்படி, அவ்வளவுதான். கனடா மாதிரி சீருடை, பேருந்து என்றெல்லாம் யோசிக்க ஆரம்பித்தால் முதல் மேட்ச் நடக்காது.

ஆறு அணி போதும். ஒருவரோடு ஒருவர் ரெண்டு முறை மோதினால் மொத்தம் 30 மேட்ச், ஒவ்வொரு அணிக்கும் 10. ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று மேட்ச் வைத்தால் பத்து வாரத்தில் முடியும். காலை ஆறரைக்கு ஒன்று, எட்டு மணிக்கு ஒன்று, வெயில் தாழ்ந்து நாலு மணிக்கு ஒன்று. ஒரு கிரவுண்ட் போதும். சாரல் மாதங்களில் வைக்காதீர்கள். ஜூன், ஜூலையில் செங்கோட்டை மண்ணில் பந்து உருளாது, ஒட்டும். அதோடு பள்ளிப் போட்டிகளும் அந்தச் சமயத்தில்தான் வரும்.

அணிக்கு ஆள் எங்கே என்று யோசிக்கிறீர்கள். செங்கோட்டை, தென்காசி, கடையநல்லூர் போக மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலும் பாருங்கள். 1956 நவம்பர் வரை நம் ஊரே திருவிதாங்கூர்க்காரர்களோடுதானே இருந்தது, புனலூர்க்காரர்களுக்கு இங்கே வர என்ன தயக்கம். 2018-லிருந்து கொல்லம் வரை அகல ரயில்பாதை வேறு ஓடுகிறது. இதில் நமக்கு ஒரு அதிர்ஷ்டம், அதை யாரும் பயன்படுத்துவதில்லை. கிழக்கே கோவில்பட்டியில் செயற்கைப் புல் மைதானம், மேற்கே கொல்லம் ஆசிராமத்தில் இன்னொன்று. ரெண்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு நாம் சரளைக்கல்லில் ஸ்டிக்கின் முனையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறோம். 30 மேட்ச்சும் டர்ஃபில் முடியாது, தெரியும். ஆனால் மண்ணில் எகிறி எகிறி வந்த பந்தை நிறுத்தியே பழகியவன், செலக்‌ஷன் நாளில் வழுக்கிக்கொண்டு வருகிற பந்தை முதல் முறையாகப் பார்த்தால் தடுமாறத்தான் செய்வான். மூன்று நாலு மேட்ச்சையாவது அங்கே முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

விதிமுறையில் மூன்று விஷயத்தை மட்டும் எழுதி எல்லா அப்பாக்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். 18 தாண்டியவன் அணிக்கு ரெண்டு பேருக்கு மேல் களத்தில் நிற்கக் கூடாது. நாலு குவார்ட்டரில் குறைந்தது ஒன்றாவது ஒவ்வொரு பையனும் ஆட வேண்டும், தோற்றாலும் பரவாயில்லை. தன் பையன் ஆடும் மேட்ச்சில் எந்த அப்பாவும் அம்பயர் பக்கமோ ஸ்கோர் மேசைப் பக்கமோ வரக் கூடாது. கடைசி விதி உங்களையும் சேர்த்துத்தான் அண்ணாச்சி, கோவித்துக்கொள்ளாதீர்கள்.

செலவில் பெரியது கோல் கீப்பர் சாமான்தான். பேட், கிக்கர், ஹெல்மெட், மார்புக் கவசம் எல்லாம் ஒரு வீட்டுக்குத் தாங்காது. ரெண்டு அணிக்கு ஒரு செட் என்று மூன்று செட்டைப் பொதுவில் வாங்குங்கள். கீப்பர் ஆகக்கூடிய பையன் பல பேர் அந்தச் சாமான் இல்லாததாலேயே கோலுக்கு முன்னால் தடுப்பு ஆடும் ஃபுல்பேக்காக நின்றுகொண்டிருக்கிறான். இந்திய அணியின் கோல் கீப்பராக இருந்த கிழக்கம்பலத்துக்காரர் ஸ்ரீஜேஷ் கூட திருவனந்தபுரம் ஜி.வி. ராஜா பள்ளியில் ஓட்டத்துக்காகச் சேர்ந்து, அங்கே போனபிறகுதான் கீப்பர் ஆனார். 2006-இல் இந்திய அணிக்குள் வந்தவர் நிரந்தரமாக இடம்பிடிக்க 2011 ஆயிற்று. அப்புறம்தான் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் வெண்கலங்கள். 2025 டிசம்பரில் வெண்கலம் வாங்கிய ஜூனியர் அணிக்கும் அவர்தான் பயிற்சியாளராக இருந்தார். "அடுத்த வருஷம் வா" என்றதற்கே உங்கள் வீடு இழவு வீடு மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அதனால் இதைச் சொன்னேன்.

மாவட்ட ஹாக்கி சங்கத்திடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் முதல் விசில் ஊதாதீர்கள். அங்கீகாரம் இல்லாத போட்டியில் ஆடினால் பின்னால் பையனுக்குத்தான் தலைவலி வரும். கேரளப் பையன்கள் ஆடுவதால் அந்தப் பக்கச் சங்கத்துக்கும் ஒரு கடிதம். அப்புறம் வயசுச் சான்று. நகராட்சியில் பதிவான பிறப்புச் சான்றிதழ் தவிர எதையும் வாங்காதீர்கள். ஒரு செலக்‌ஷனுக்கு நான் கூடப் போயிருந்தபோது, மஞ்சப்பைக்குள்ளிருந்து ஒரு அப்பா ரெண்டு சான்றிதழ் எடுத்தார், ரெண்டிலும் வேறு வேறு தேதி. மேசையில் இருந்தவர் ஒன்றும் பேசவில்லை, ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவரையே பார்க்கச் சொன்னார். பையன் சட்டையில் ஊக்கு குத்தி மாட்டிய நம்பரைத் தானே கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே போனான். அந்த முகத்தை உங்கள் வீட்டில் பார்க்க வேண்டாம்.

இனி சர்டிபிகேட். தமிழ்நாட்டு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, பொறியியல் கலந்தாய்வில் 500 இடம் விளையாட்டுப் பிரிவுக்கு இருக்கிறது, ரயில்வேயிலும் மத்திய அரசிலும் எடுக்கிறார்கள். மத்திய அரசு வேலைக்கு முக்கியமாக நாலு படிவம் உண்டு: சர்வதேசப் போட்டிக்கு ஒன்று, மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியதற்கு ஒன்று, பல்கலைக்கழகப் போட்டிக்கு ஒன்று, தேசியப் பள்ளிப் போட்டிக்கு ஒன்று. நீங்கள் நடத்தப்போகும் லீக் இந்த நாலில் எதிலும் வராது. வண்ண வண்ணமாகச் சான்றிதழ் அச்சடித்து, மேடை போட்டு, எம்.எல்.ஏ. கையால் கொடுத்தாலும் வராது. அதனால் அந்தச் செலவை நிறுத்திப் பந்து வாங்குங்கள். சான்றிதழ் வேண்டுமென்றால் அவன் பள்ளிப் போட்டியையும் மாவட்ட செலக்‌ஷனையும் விடாமல் ஆட வேண்டும். லீக் அந்த நாளுக்கு அவனைத் தயார் செய்யும்.

ஹாஸ்டல் விஷயம் சுருக்கமாக. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளுக்குப் பிளஸ் ஒன்னிலும் ஆள் எடுக்கிறார்கள், கோடையில் அறிவிப்பு வரும், விண்ணப்பித்து வையுங்கள். கோவில்பட்டி விடுதியில் பயிற்சி எடுத்த அரியலூர் கார்த்தியும், கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார்கள், அதனால் நம் பக்கத்திலிருந்து போக வழியே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிடைத்தால் அனுப்புங்கள், லீக்கில் ஒரு இடம் காலியாகும், வேறொருவன் வருவான். கிடைக்கவில்லை என்றால் அதற்காகத்தான் லீக். ஆனால் பையனிடம் கேட்காமல் அனுப்பாதீர்கள். வீட்டுச் சாப்பாட்டை விட்டு இருக்கத் தெரியாதவன் மூன்றாம் வாரம் திரும்பி வந்துவிடுவான்.

படிப்பு. 2025-26 கல்வியாண்டிலிருந்து பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லை. அடுத்த வருஷம் பிளஸ் ஒன்னில் அவனுக்கு மூச்சுவிட நேரம் இருக்கிறது, லீக்கை ஆட அதுதான் சரியான வருஷம். பிளஸ் டூவில் டிசம்பருக்குப் பிறகு ஸ்டிக்கைத் தொடக் கூடாது என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்குப் போய்த் திடீரென்று பிடுங்காதீர்கள். எல்லோரும் இந்திய அணிக்குப் போக மாட்டார்கள் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அணிக்கு 16 பேர் என்று 96 பையன்கள் ஆடும் லீக்குக்கு அம்பயர் வேண்டும், ஸ்கோர் எழுத ஆள் வேண்டும், சுளுக்குக்குக் கட்டுப்போடத் தெரிந்தவர் வேண்டும். அதில் கை பழகிய பையனுக்கு உடற்கல்விப் படிப்பு, பிசியோதெரபி என்று வழி தானாகத் தெரியும். உடற்கல்விக்கு திருவனந்தபுரம் காரியவட்டத்தில் லட்சுமிபாய் கல்லூரி இருக்கிறது, கொல்லம் ரயிலைப் பிடித்துப் போய் ஒருநாள் காட்டிவிட்டு வாருங்கள்.

குரூப் என்ன எடுப்பது என்பதை இப்போது முடிவு செய்யாதீர்கள். பயோ-மேத்ஸ்தான் என்று நீங்களாக எழுதியிருந்தீர்கள், அவன் என்ன சொன்னான் என்று ஒரு வரி கூட இல்லை. ரிசல்ட் வந்ததும் மார்க் ஷீட்டையும் அவனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், தனியாக வராதீர்கள்.