பிரையர் பைப்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: ஒரே அளவு, ஒரே வடிவத்தில், புகையிலை பிடிக்கும் இரண்டு பிரையர் மரப் பைப்புகள். ஒன்றின் விலை மற்றதைப் போலப் பத்து மடங்கு. எதற்காக இந்தக் கூடுதல் காசு?

பதில்: பெரும்பங்கு மரத்தின் ரேகைக்கும் தயாரிப்பாளரின் பெயருக்கும்தான். எரிக்கா ஆர்போரியா என்ற மத்தியதரைக்கடல் புதரில், வேருக்கும் தண்டுக்கும் நடுவே திரண்டு வளரும் முண்டுதான் பிரையர். கோர்சிகா, சார்டினியா, கலாப்ரியா, கிரீஸ், அல்ஜீரியா எனக் கல்லும் வறட்சியுமான நிலங்களில் வளர்வதால் மண்ணும் பொடிக்கல்லும் உள்ளே சிக்கிக்கொள்கின்றன. கடையும்போதுதான் அந்தக் குழிகள் வெளியே தெரியும். குழியே இல்லாமல், அடியிலிருந்து விளிம்பு வரை நேராக ஓடும் ரேகையோடு, புகையிலை இடும் கிண்ணம் அமைவது அபூர்வம். அந்த அபூர்வத்துக்குத்தான் விலை. நேர் ரேகையால் புகையின் சுவை கூடுவதில்லை.

சுவையைத் தீர்மானிப்பது பதப்படுத்தல். முண்டை அறுத்துப் பல மணி நேரம் வேகவைத்துச் சாற்றை இறக்குவார்கள். பிறகு மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில், மெதுவாக உலர்த்துவார்கள். அவசரமாக உலர்த்திய மரம் கசக்கும், சூடேறும், வெடிக்கும். இதைக் கடையில் கண்ணால் கண்டுபிடிக்க வழியில்லை. தயாரிப்பாளரின் பெயருக்குக் காசு கொடுப்பதில் நியாயம் இருப்பது இந்த ஒரு விஷயத்தில்தான்.

கேள்வி: கடையில் கையில் எடுத்தவுடன் என்னென்ன சோதிக்க வேண்டும்?

பதில்: புகை செல்லும் துளையிலிருந்து தொடங்குங்கள். பளபளப்பு அப்புறம். ஒரு பைப் க்ளீனரும் (பஞ்சிழை சுற்றிய மெல்லிய கம்பி) சிறிய டார்ச்சும் போதும்.

வாய்க்குழலைக் கழற்றாமலே பைப் க்ளீனரை நுழைத்துப் பாருங்கள். தடையில்லாமல் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். வளைந்த பைப்பில் இது போகவில்லை என்றால், ஒவ்வொரு முறை நனையும்போதும் கழற்றித்தான் துடைக்க வேண்டும். அதுவும் சூடாக இருக்கும்போது கழற்றினால் கழுத்து, அதாவது கிண்ணத்திலிருந்து வாய்க்குழல் வரை நீளும் மரப்பகுதி, பிளக்கலாம்.

க்ளீனரின் நுனி எந்த இடத்தில் வெளியே வருகிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கிண்ணத்தின் அடித்தளத்தை ஒட்டி, நடுவில் வர வேண்டும். 3 மி.மீ. மேலே வந்தால் அதற்குக் கீழே உள்ள புகையிலை எரியாது. ஈரச் சேறாகத் தங்கிவிடும். துளை தளத்துக்குள் இறங்கிப் பள்ளம் பறித்திருந்தால் அடிமரம் மெலிந்து, நாளடைவில் எரிந்து ஓட்டை விழும். அடிமரத்தின் தடிமனை அளப்பது சுலபம். ஒரு குச்சியைக் கிண்ணத்துக்குள் நிறுத்தி விளிம்பு மட்டத்தில் நகத்தால் குறித்துக்கொள்ளுங்கள். அதே குச்சியை வெளியே கிண்ணத்தோடு சேர்த்துப் பிடித்து, குறியை விளிம்போடு பொருத்துங்கள். குச்சியின் நுனிக்குக் கீழே மிஞ்சும் மரம்தான் அடித்தளம். 5 மி.மீ.க்குக் குறைந்தால் வேண்டாம். பக்கச் சுவருக்கும் ஏறக்குறைய இதே கணக்கு. ஒருபுறம் தடித்து மறுபுறம் மெலிந்திருந்தால் துளை கோணலாக இறங்கியிருக்கிறது.

அடுத்து, வாய்க்குழலைச் சுழற்றிக் கழற்றுங்கள். அதன் கழுந்து, அதாவது கழுத்துக்குள் செருகும் முனை, கழுத்துத் துளையின் அடிவரை போய்ச் சேர வேண்டும். துளையின் ஆழத்தை ஒரு தீக்குச்சியால் அளந்து, கழுந்தின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். இடையில் 1 மி.மீ.க்கு மேல் காலி இடம் இருந்தால் நீர் அங்கே தேங்கும். இழுக்கும்போது கொளகொளவென்று சத்தம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். பிறகு மாட்டி, இணைப்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஒளிக்கீற்று எங்கும் ஊடுருவக் கூடாது.

கடைசியில் வாய்நுனி. பல்லில் கடிக்கும் இடம் 4 மி.மீ. அளவில் மெலிதாகவும், புகை வரும் பிளவு விசிறிபோல விரிந்தும் இருந்தால் செய்தவர் அக்கறையோடு வேலை பார்த்திருக்கிறார். வெறும் வட்ட ஓட்டை, தடித்த நுனி என்றால் அச்சில் வார்த்ததை அப்படியே விட்டிருக்கிறார்கள். பத்து மடங்கு விலைக்காரரிடமும் இதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி: மேற்பரப்பில் சின்னச் சின்னப் புள்ளிகள் நிறம் மாறித் தெரிகின்றன. குறையா?

பதில்: குழியில் பட்டி வைத்து அடைத்த இடங்கள். மரம் சாயத்தை உறிஞ்சும், பட்டி உறிஞ்சாது. அதனால்தான் சாய்த்துப் பிடித்தால் மங்கலாகத் தனித்துத் தெரிகின்றன. மலிவான பைப்பில் ஒன்றிரண்டு இருப்பது பெரிய குற்றமில்லை. கழுத்தும் கிண்ணமும் சேரும் இடத்திலோ, விளிம்பிலோ இருந்தால் தவிர்த்துவிடுங்கள். உயர்தரம் என்று விற்கும் பைப்பில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. அடர்ந்த கறுப்புச் சாயமும் கனத்த வார்னிஷும் பூசியிருந்தால் கூடுதல் கவனம் தேவை. மறைக்க ஏதோ இருக்கலாம்.

சாண்ட்பிளாஸ்ட் செய்தவை வேறு ரகம். மணலை வீசும்போது மென்மையான பகுதி கரைந்து, கடினமான வளையங்கள் மேடாக நிற்கும். வழவழப்பான மேற்பரப்புக்குத் தகுதி பெறாத, ஆனால் உறுதியான மரம்தான் பெரும்பாலும் இதற்குப் போகிறது. எடையும் குறையும். காசுக்கேற்ற பைப் வேண்டுவோர் முதலில் தேட வேண்டியது இந்த வரிசையில்தான்.

கேள்வி: வாய்க்குழல் வல்கனைட்டா, அக்ரிலிக்கா?

பதில்: வல்கனைட் கெட்டிப்படுத்திய ரப்பர். பல்லுக்கு இதம், ஆனால் வெயிலும் எச்சிலும் பட்டால் பச்சையும் பழுப்புமாகி, வாயில் கந்தக நெடி அடிக்கும். அக்ரிலிக் ஒருவகை பிளாஸ்டிக். நிறம் மாறாது, பல்லுக்குக் கடினம். வெகுநேரம் கடித்துப் பிடிப்பவருக்கு முன்னது, துடைத்துப் பராமரிக்கப் பொறுமை இல்லாதவருக்குப் பின்னது.

கேள்வி: 9 மி.மீ. ஃபில்டர் உள்ளது உடம்புக்கு நல்லது என்கிறார்களே?

பதில்: ஃபில்டர் ஈரத்தையும் கொஞ்சம் தாரையும் பிடிக்கும், அவ்வளவே. வாய், தொண்டைப் புற்றுநோய் அபாயம் அப்படியேதான் இருக்கும். அதை நம்பி யாரும் பைப் பிடிக்கத் தொடங்க வேண்டாம். ஃபில்டருக்காகக் கழுத்தை அகலமாகக் குடைவதால் சுவர் மெலிகிறது என்பதையும் கவனியுங்கள்.

கேள்வி: பழைய பைப் வாங்கலாமா? வாய்க்குழலில் வெள்ளைப் புள்ளி இருந்தால் பிரிட்டனின் பெயர்பெற்ற டன்ஹில் பைப்தானே?

பதில்: தாராளமாக வாங்கலாம், புள்ளியை மட்டும் நம்பி அல்ல. வாய்க்குழலை மாற்றிவிட முடியும். வேறு தயாரிப்பாளர்களும் புள்ளி வைத்ததுண்டு. மரத்தில் குத்திய முத்திரைதான் சாட்சி. அதிகமாகப் பாலிஷ் போட்டு முத்திரை தேய்ந்திருந்தால் விலையைப் பாதியாகக் கேளுங்கள். அயர்லாந்தின் பீட்டர்சன் பைப்பின் உலோக வளையத்திலும் இப்படித்தான் ஏமாறுகிறார்கள். மூவிலைத் தழை, வேட்டைநாய், கோபுரம் என்று மூன்று குறிகள் இருந்தால் அது நிக்கல். நிறுவனத்தின் அலங்கார முத்திரை. வெள்ளி என்றால் டப்ளின் தரச்சோதனையின் முடிசூடிய யாழ் முத்திரை இருக்கும்.

கிண்ணத்தின் உட்புறக் கரிப்படலம் 1 முதல் 1.5 மி.மீ. இருக்கலாம். அதைவிடத் தடித்தால் சூட்டில் மரத்தைவிடக் கூடுதலாக விரிந்து கிண்ணத்தைப் பிளக்கும். விளிம்பு கருகியதைத் துடைத்துச் சரிசெய்யலாம். ஆனால் உள்சுவரில் கரிக்கு அடியில் குச்சியால் அழுத்தும்போது மரம் பொடிந்தால் அது உள்ளே எரிந்து போயிருக்கிறது. எந்த விலைக்கும் வேண்டாம். கழுத்து விளிம்பில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். அந்த இடத்தில் மட்டும் புதிதாக ஒரு வெள்ளி வளையம் மின்னினால், விற்பவரிடம் வளையத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று நேராகவே கேட்டுவிடுங்கள்.