ரொட்டவேட்டர் ஓட்டினால் டிராக்டர் சூடேறுகிறது: ஹெட்டை இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: என்னிடம் இருப்பது இருபது வருடத்துக்கு மேல் ஓடிய மூன்று சிலிண்டர் டிராக்டர். ட்ரெய்லருடன் ரோட்டில் ஓட்டும்போது தொந்தரவே இல்லை. ரொட்டவேட்டர் போட்டு அரை மணி நேரம் உழுதால் வெப்ப முள் சிவப்புக்குப் போய்விடுகிறது. நிறுத்தி ஐடிலில் ஐந்து நிமிடம் விட்டால் இறங்குகிறது. தினமும் காலையில் ரேடியேட்டர் கழுத்துவரை போர்வெல் தண்ணீர் ஊற்றுகிறேன். மறுநாள் அரை லிட்டர் போலக் குறைகிறது. போன வருடம் இதே தொந்தரவுக்குத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார்கள். ஹெட் கேஸ்கட் போய்விட்டது, ஹெட்டை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். ஆயில் சுத்தமாக இருக்கிறது. இறக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொன்ன அடையாளங்களில் ஹெட் கேஸ்கட்டை, அதாவது சிலிண்டர்களுக்கும் அவற்றின் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் சீலைக் காட்டுவது எதுவும் இல்லை.

எரியும் டீசலின் வெப்பத்தில் ஏறக்குறைய கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை தண்ணீருக்குள் போகிறது. ரோட்டில் லேசான பாரத்தோடு ஓடும்போது டீசல் குறைவாக எரியும்; பாதி அடைத்த ரேடியேட்டர்கூடச் சமாளித்துவிடும். ரொட்டவேட்டர் என்ஜினின் முழுச் சக்தியையும் இழுக்கிறது. அப்போதுதான் குறை வெளியே தெரிகிறது. கேஸ்கட் நன்றாகப் போயிருந்தால் பெரும்பாலும் அரை மணி நேரம் காத்திருக்காது. குளிர்ந்த என்ஜினைக் கிளப்பிய ஓரிரு நிமிடத்திலேயே, தண்ணீர் சூடாகும் முன்பே, மேல் ஓஸ் பைப் கல்லாக இறுகிவிடும். உங்கள் வண்டி வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் திணறுகிறது. காற்று போகும் பக்கத்திலோ தண்ணீர் போகும் பக்கத்திலோ, அல்லது இரண்டிலுமோ அடைப்பு இருக்கிறது.

அந்த அரை லிட்டர் கணக்கை முதலில் தீர்த்துவிடுவோம். இந்த அளவு டிராக்டரில் சுமார் 10 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 30 டிகிரியிலிருந்து 95 டிகிரிக்குச் சூடானால் ஏறக்குறைய 350 மில்லி விரியும். தனி ரிசர்வ் பாட்டில் இல்லாத பழைய வண்டியில் கழுத்துவரை நிரப்பினால் விரிந்த தண்ணீர் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாக வெளியே போய்த்தான் ஆக வேண்டும். நீங்கள் தினமும் ஊற்றுவதையே அது தினமும் கக்குகிறது. இனி கழுத்துக்குக் கீழே இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடம் விட்டு நிரப்புங்கள். மூன்று நாள் ஊற்றாமல் பாருங்கள். மட்டம் ஓரிடத்தில் நின்றுவிட்டால் கசிவு இல்லை. அதன் பிறகும் இறங்கிக்கொண்டே போனால் மூடியின் ரப்பரையும் ஸ்பிரிங்கையும், வாட்டர் பம்ப்புக்கு அடியில் இருக்கும் சிறு துளையையும் பாருங்கள். அந்தத் துளையில் நீர்க்கோடோ உப்புக்கறையோ இருந்தால் பம்ப் சீல் போய்விட்டது. மூடியை அலட்சியப்படுத்த வேண்டாம். அரை பார் அழுத்தம் தாங்கும் மூடி, தண்ணீர் கொதிக்கும் நிலையை ஏறக்குறைய 12 டிகிரி மேலே தள்ளுகிறது. ரப்பர் வெடித்த மூடியால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். புதிது வாங்கும்போது வண்டிக்கு உரிய அழுத்த எண்ணைப் பார்த்தே வாங்குங்கள்.

அடுத்து காற்றுப் பக்கம். ரொட்டவேட்டர் கிளப்பும் தூசியும் வைக்கோல் துகளும் ரேடியேட்டர் தகடுகளுக்கு நடுவே போய் உட்காரும். மேலே ஆயில் கசிவும் சேர்ந்தால் சேறாகப் பிடித்துக்கொள்ளும். முன்னால் நின்று பார்த்தால் சுத்தமாகவே தெரியும். பின்பக்கம், ஃபேன் பக்கமிருந்து ஒரு பல்பைக் காட்டி முன்னால் நின்று பாருங்கள். வெளிச்சம் வராத இடமெல்லாம் அடைப்பு. காற்று வரும் திசைக்கு எதிர்த்திசையில், அதாவது ஃபேன் பக்கமிருந்து வெளிப்பக்கமாக ஊத வேண்டும். முன்னாலிருந்து ஊதினால் குப்பை இன்னும் உள்ளே இறுகும். ஆயில் பிசுக்கு இருந்தால் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, குறைந்த அழுத்தத்தில் கழுவுங்கள். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் கன்னைக் கிட்டே வைத்தால் தகடு மடங்கி நிரந்தர அடைப்பாகிவிடும். ஃபேனைச் சுற்றி இருக்கும் தகர உறை கழற்றி எறியப்பட்டிருந்தால் திரும்ப மாட்டுங்கள். அது இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் பக்கவாட்டுக் காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும்.

ஃபேன் பெல்ட்டில் ஒரு விஷயம் பலர் பார்ப்பதில்லை. நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 15 மில்லிமீட்டர் இறங்க வேண்டும் என்பது தெரிந்ததுதான். ஆனால் பெல்ட்டைக் கழற்றிப் புல்லியின் பள்ளத்தையும் பாருங்கள். பெல்ட் பள்ளத்தின் இரு சரிவுகளையும் கவ்வித்தான் இழுக்க வேண்டும். பள்ளத்தின் அடி பளபளவென்று தேய்ந்திருந்தால் பெல்ட் அடியில் உட்கார்ந்து வழுக்குகிறது என்று பொருள். எவ்வளவு இறுக்கினாலும் லோடில் வழுக்கும். ஃபேனும் பம்ப்பும் சேர்ந்தே மெதுவாகிவிடும். தேய்ந்த பெல்ட்டையோ புல்லியையோ மாற்றுவதுதான் வழி.

இப்போது தண்ணீர்ப் பக்கம். என் சந்தேகம் அதிகம் இங்கேதான். போர்வெல் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு உப்பு சூட்டில் பிரிந்து, பிஸ்டன் ஓடும் உருளையான லைனரைச் சுற்றியும் ரேடியேட்டர் குழாய்களுக்குள்ளும் படிகிறது. தினமும் அரை லிட்டர் புதிதாக ஊற்றுவது தினமும் கொஞ்சம் உப்பை உள்ளே சேர்ப்பதுதான். இதை உறுதிப்படுத்த இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று கடன் வாங்குங்கள். ரொட்டவேட்டர் ஓடி முள் ஏறும்போது ரேடியேட்டரின் மேல் டேங்க், கீழ் டேங்க் இரண்டையும் அளங்கள். இரண்டுக்கும் ஏறக்குறைய 6 முதல் 10 டிகிரி வித்தியாசம் சாதாரணம். இரண்டுமே கொதிக்க, வித்தியாசம் மட்டும் மிகக் குறைவாக இருந்தால் காற்று போதவில்லை. மேலே கொதித்து, கீழே 20 டிகிரிக்கும் அதிகமாகக் குறைந்திருந்தால் தண்ணீர் மெதுவாக ஓடுகிறது: குழாய் அடைப்பு, பம்ப் இறக்கை அரிப்பு, அல்லது கீழ் ஓஸ் உறிஞ்சலில் ஒட்டிப்போவது. ரேஸ் கொடுக்கும்போது கீழ் ஓஸ் சப்பையாவது கண்ணுக்கே தெரியும். தகடுகளில் நடுநடுவே ஆறிய பட்டைகள் இருந்தால் அந்தக் குழாய்களில் தண்ணீரே ஓடவில்லை.

படிவைக் கரைக்க எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலம் போதும். கழிப்பறை ஆசிட் வேண்டவே வேண்டாம். உலோகத்தையும் ஈயப் பற்றையும் அது அரித்துவிடும். தண்ணீரைக் கீழ் டேங்க் குழாயிலும் என்ஜின் பாடியில் இருக்கும் பிளக்கிலும் இறக்குங்கள். பாடி பிளக்கைக் கழற்றியும் தண்ணீர் வராவிட்டால் கம்பியால் குத்துங்கள்; உள்ளே சேறு கட்டியிருக்கும். லிட்டருக்கு 40 கிராம் கணக்கில் வெந்நீரில் கரைத்து ஊற்றி, 80 டிகிரி அளவில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, ஓரளவு ஆறியதும் இறக்குங்கள். தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவுங்கள். கடைசிக்கு முந்தின கழுவலில் ஒரு கைப்பிடி சமையல் சோடா சேர்ப்பது நல்லது. ரேடியேட்டர் அலுமினியமாக இருந்தால் நேரத்தைப் பாதியாக்குங்கள். ஆறிய பட்டைகள் அதன் பிறகும் போகவில்லை என்றால் ரேடியேட்டர் பட்டறையில் டேங்க்கைப் பிரித்துக் குழாய்களில் கம்பி விட வேண்டியதுதான்.

தெர்மோஸ்டாட்டை எடுத்தது தவறு. தண்ணீர் போதுமான அளவு சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் வால்வு அது. முள் இறங்கட்டும் என்று எடுக்கிறார்கள். ஆனால் பல என்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியையும் மூடுகிறது. அது இல்லையென்றால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் என்ஜினுக்குள் சுற்றி வரும். லோடில் சூடு கூடும். பாரமில்லாத ஓட்டத்தில் என்ஜின் எப்போதும் குளிர்ந்தே ஓடி லைனரும் ரிங்கும் சீக்கிரம் தேயும். உங்கள் வண்டிக்குக் குறிப்பிட்ட எண்ணில் புதிது வாங்கி, தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்கிப் பாருங்கள். 82 என்று பொறித்திருந்தால் அந்த டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும். பாத்திரத்தின் அடியைத் தொட்டால் அளவு தவறும். ஸ்பிரிங் பக்கம் என்ஜினை நோக்கி, சிறு காற்றுத்துளை மேலாக மாட்ட வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் சூடேறினால் கேஸ்கட் சோதனை. குளிர்ந்த என்ஜினில் பெல்ட்டைக் கழற்றி, ரேடியேட்டரைக் கழுத்துவரை நிரப்பி, மூடியில்லாமல் ஒரு நிமிடம் மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள். முதலில் சில குமிழி வந்து நின்றுவிட்டால் அது சிக்கிய காற்று. தொடர்ந்து சீராக வந்தால் சிலிண்டர் வாயு. அப்போது ஹெட்டை இறக்கலாம். குமிழி இல்லை, ஆனால் லோடில் கரும்புகை வருகிறது என்றால் ஏர் ஃபில்டர், டீசல் பம்ப் டைமிங், ஓட்டும் கியர், உழும் ஆழம் இவற்றைப் பாருங்கள். கியரையும் ஆழத்தையும் குறைத்தாலே சிலருக்குச் சரியாகும்.

வயலில் முள் சிவப்பைத் தொட்டால் லோடை எடுத்துவிட்டு மூன்று நான்கு நிமிடம் ஐடிலில் விட்டு நிறுத்துங்கள். பெல்ட் அறுந்திருந்தாலோ தண்ணீர் கொட்டியிருந்தாலோ மட்டும் உடனே நிறுத்த வேண்டும். மேல் ஓஸைக் கையால் பிடிக்க முடியும்வரை மூடியைத் திறக்காதீர்கள். சூடான என்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழும்.

கழுவிய பிறகு திரும்பவும் போர்வெல் தண்ணீர் வேண்டாம். கூலன்டையும் பேட்டரிக்கு ஊற்றும் சுத்திகரித்த தண்ணீரையும் சரிபாதி கலந்து நிரப்புங்கள். அதில் உள்ள துருத்தடுப்பு மருந்து லைனரின் வெளிப்பக்கம் குழி விழாமல் காக்கும். கழற்றும்போது இறக்கும் பழைய கூலன்டைத் தரையில் விடாதீர்கள். அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப்பொருள் இனிப்பாக இருப்பதால் ஆடு, மாடு, நாய் குடித்துவிடும். கொஞ்சமே போதும், சிறுநீரகம் போய்விடும். மூடி போட்ட கேனில் பிடித்து, கால்நடை எட்டாத இடத்தில் வையுங்கள்.