பழைய ஜீப்பின் முன் ஆக்சிலில் எண்ணெய் ஒழுகுகிறது, கசிவைத் தடுக்கும் வெளி சீல் வளையத்தை மட்டும் மாற்றினால் போதுமா?

போதாது. குமுளி, கம்பம்மெட்டு ஏற்றங்களில் ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றி ஓடும் வில்லிஸ் வகை ஜீப்களில் இது வழக்கமான தொல்லைதான். சக்கரத்துக்குப் பின்னாலுள்ள உருண்டையான நக்கிளில் எண்ணெய் வழிந்தால் எல்லாரும் வெளியே இருக்கும் கம்பளி வளையமான ஃபெல்ட் சீலைத்தான் குறை சொல்வார்கள். அந்த சீலின் வேலை தூசியையும் தண்ணீரையும் தடுத்து கிரீஸை உள்ளே வைப்பது. ஆக்சிலின் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலின் 90 நம்பர் கியர் ஆயிலைத் தடுக்க வேண்டியது ஆக்சில் குழாயின் முனையில் இருக்கும் உள் சீல். அது தேய்ந்தால் ஆயில் நக்கிளுக்குள் நிறைந்து வெளியே வழியும். கூடவே பிரீதரையும், அதாவது ஆக்சிலின் காற்றுப்போக்கியையும் பாருங்கள். சேறு அடைத்திருந்தால் சூட்டில் காற்று வெளியேற வழியின்றிப் புது சீலையும் தள்ளிக்கொண்டு ஆயில் வரும்.

உள் சீலை மாற்ற ஆக்சில் ஷாஃப்டை உருவியாயிற்று என்றால், நக்கிள் திரும்பும் அச்சான கிங் பின்னின் பேரிங்கையும் பார்த்துவிடுங்கள். வண்டி ஓடும்போது ஸ்டீயரிங் உதறுவதற்கு இதன் ஆட்டமும் ஒரு காரணம். அதிலுள்ள மெல்லிய தகடுகளான ஷிம்மைக் குறைத்தால் இறுகும். ஃபெல்ட் சீலைப் போடுவதற்கு முன்பே இறுக்கத்தைச் சோதியுங்கள், இல்லாவிட்டால் சீலின் பிடிப்பு ஏமாற்றிவிடும். உருண்டையில் துருக்குழி இருந்தால் எமரி பேப்பரால் வழவழப்பாக்குங்கள். சொரசொரப்பு புது ஃபெல்ட்டைச் சீக்கிரமே தின்றுவிடும்.

நக்கிளுக்குக் கெட்டி கிரீஸ் வேண்டாம். அது சுவரில் ஒட்டிக்கொண்டு, உள்ளே சுழலும் ஆக்சில் ஜாயின்ட் காய்ந்துபோகும். கூழ்பதத்தில் இருக்கும் 00 கிரீஸ் நல்லது. வீல் பேரிங்குக்கு மட்டும் வழக்கமான கெட்டி கிரீஸ். அப்புறம், சக்கரம் பிடிக்கும்வரை வீல் பேரிங் நட்டை இறுக்கி, ஆறில் ஒரு பங்கு சுற்று தளர்த்திப் பூட்டுங்கள்.